மணிக்கட்டுக் கட்டி: கத்திக்கு முன் கூலிக் கணக்கு

மணிக்கட்டில் வரும் கேங்லியன் கட்டியைக் கண்டவுடன் அறுத்து எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு ஒருபோதும் அறுக்க வேண்டியதில்லை. திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் நான் இதை உரக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவசரப்பட்டு அறுத்துக்கொண்டு, அதன்பின் கை முழுதாக மடங்காமல் போனவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். "ஒண்ணுமில்ல, போம்மா" என்று ஒற்றை வரியில் அனுப்பப்பட்டு, புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் ஓவர்லாக் மிஷின் முன் உட்கார்ந்திருந்தவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். அறுத்த மருத்துவமும் சரி, அறுக்காமல் அனுப்பிய மருத்துவமும் சரி, இவர்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

கட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கையிலும் மணிக்கட்டிலும் தோன்றும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். பத்துப் பேரில் ஆறேழு பேருக்குப் புறங்கைப் பக்கம் வரும். ஸ்கேபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிற்றெலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநாரின் அருகில்தான் அது பெரும்பாலும் தொடங்குகிறது. அடுத்தபடியாக, நாடி பிடித்துப் பார்க்கும் பக்கம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். அதுவும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள், கை ஓயாமல் உழைக்கிற காலத்தில். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. உள்ளே இருப்பது நிறமற்ற, கெட்டியான பசை. மூட்டிலிருந்து ஒரு மெல்லிய காம்பு வழியாக அது கட்டிக்குள் சேர்கிறது.

அந்தக் காம்பைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டு மூட்டுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சாயம் மூட்டிலிருந்து கட்டிக்குள் போனது. கட்டிக்குள் செலுத்திய சாயமோ மூட்டுக்குத் திரும்பவில்லை. சைக்கிள் டியூபில் வால்டியூப் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் வைத்திருக்கிறதே, அந்த மாதிரி. ஊசி குத்தி நீரை உறிஞ்சி எடுத்த பிறகும் கட்டி ஏன் திரும்ப வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் வரைந்து காட்டுவேன்.

எங்கள் பக்கம் இதை "நரம்பு சுருண்டுக்கிச்சு" என்பார்கள். நரம்புக்கு இதில் வேலையே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போகிறார்கள்; காசை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள்; சுண்ணாம்பு பூசித் தோல் வெந்துபோய் வந்தவர்களும் உண்டு. ஐரோப்பாவில் கனத்த பைபிளைக் கொண்டு ஓங்கி அடித்து உடைக்கும் வழக்கம் இருந்தது. அடித்தால் சில நேரம் உடையத்தான் செய்யும். காம்பு அப்படியே இருப்பதால் மீண்டும் நிரம்பும். நடுவில் எலும்பு முறிந்தால் அது தனிச் செலவு. யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

இனி அறுவையா, வேண்டாமா என்ற கேள்வி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புறங்கைக் கட்டி இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை, ஆறு ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பகுதியினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஒரு பகுதியினர் ஊசியால் நீர் எடுத்துக்கொண்டவர்கள். மீதிப் பேர் ஒன்றும் செய்யாமல் விட்டவர்கள். அறுத்து எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பியிருந்தது. ஊசிக்காரர்களில் 58 சதவீதம் பேருக்கு. ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் கட்டி தானாகவே மறைந்துவிட்டிருந்தது. வலி, பலவீனம், விறைப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், ஆறு ஆண்டு முடிவில் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வில் யாருக்கு என்ன சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை. அவரவரும் மருத்துவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதிக வலியுள்ளவர்களே அறுவைக்குப் போயிருக்கலாம். அந்தக் குறையை ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன்: தானாக மறைய இவ்வளவு வாய்ப்பு இருக்கும்போது, கத்தியை முதல் வழியாகச் சொல்வது நியாயமில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அறுவையை ஆதரிப்பவர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அறுவை செய்துகொண்டவர்கள்தாம் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். கட்டி திரும்ப வந்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். இதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். கட்டி திரும்பியும் ஒருவருக்கு ஏன் மனக்குறை இல்லை? அறுவைக்குப் போனவரை ஒருவர் உட்கார வைத்துப் பரிசோதித்தார், விளக்கினார், தேதி கொடுத்தார், கட்டுப் பிரித்துப் பார்த்தார். அவருடைய கை ஒரு பொருட்டாக மதிக்கப்பட்டது. "விட்டுடுங்க, தானாப் போயிடும்" என்று கேட்டவருக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. இது என் ஊகம்தான், ஆனால் என் அறையில் தினமும் பார்ப்பதோடு பொருந்துகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2000-இல் வந்த ஆய்வு ஒன்று, இந்தக் கட்டியோடு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டது. பார்க்க நன்றாக இல்லை என்று வந்தவர்கள் 38 சதவீதம். புற்றுநோயோ என்ற பயத்தில் வந்தவர்கள் 28 சதவீதம். வலிக்காக வந்தவர்கள் 26 சதவீதம்தான். ஆக, நூற்றில் இருபத்தெட்டுப் பேருக்குச் சிகிச்சையே பத்து நிமிடப் பேச்சுதான். இருட்டறையில் கட்டியின்மேல் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். அதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைத்துவிட்டால், தண்ணீர்தான் என்று நம்பிவிடுகிறார்கள். "இவ்வளவுதானுங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு அதன்பின் அறுவையைப் பற்றியே பேசாதவர்கள் ஏராளம்.

கட்டி திரும்புவதைப் பற்றி மருத்துவமனைகள் சொல்லும் எண்களில் பெரிய இடைவெளி இருக்கிறது. 1976-இல் அமெரிக்க அறுவை நிபுணர்கள் இருவர், காம்பையும் அது தொடங்கும் மூட்டுறையின் சிறு பகுதியையும் சேர்த்து எடுத்தால் நூற்றில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை என்று எழுதினார்கள். 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திறந்து செய்யும் அறுவைக்குப் பின் 21 சதவீதம், ஊசிக்குப் பின் 59 சதவீதம், சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி முறையில் 6 சதவீதம் என்று வந்தது. லெஸ்டரில் அறுவைக்குப் பின் 39 சதவீதம். ஒன்றுக்கும் 39-க்கும் நடுவில் இருப்பது யார் கை, எவ்வளவு ஆழம் போய் எடுத்தார்கள், எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள் என்பவைதாம். மேலே இருக்கும் உருண்டையை மட்டும் கிள்ளி எடுத்துத் தைத்துவிட்டால் காம்பு உள்ளேயே இருக்கும். "சின்ன ஆபரேசன், பத்து நிமிசம்" என்று யாராவது சொன்னால், உங்கள் கையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குத் திரும்பியது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

தமிழ்நாட்டில் அதைக் கேட்கும் உரிமை நமக்குக் கூடுதலாகவே இருக்கிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவையை மருத்துவர் பால் பிராண்ட் உலகத்துக்குக் காட்டியது வேலூர் சிஎம்சியில்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் வெங்கடசாமி உருவாக்கிய துறை கையறுவைக்கென்றே இயங்குகிறது. எங்களுக்கு அருகில் கோயம்புத்தூரிலும் தேர்ந்த கையறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும், மணிக்கட்டுக் கட்டி என்றால் "யார் வேணும்னாலும் எடுக்கலாம்" என்ற எண்ணம் போகவில்லை.

ஆய்வுகள் எதுவும் கணக்கில் எடுக்காத ஒன்று எங்கள் ஊரில் முதலாவதாக வருகிறது: கூலி. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்குக் கை நின்றால் அன்றைக்கு வருமானம் நின்றது. அறுவை முடிந்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் தையல் பிரிக்கும்வரை கட்டு இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம். நீராவி அயர்ன் பெட்டியைத் தள்ளுகிறவரும், கட்டிங் மேசையில் துணி அடுக்கைத் தூக்குகிறவரும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ காத்திருக்க வேண்டும். மேல்புற மூட்டுறையில் தழும்பு விழுவதால் மணிக்கட்டை உட்புறமாக மடக்குவது சிலருக்குக் குறைந்துபோகும். தழும்புக்கு அருகில் ஓடும் மெல்லிய உணர்ச்சி நரம்பு சேதமானால் கட்டை விரல் பக்கம் மரத்துப்போகும், தொட்டால் கூசும். அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், அறுவைக்குப் பிறகும் நூற்றில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு வலி விடவில்லை. உள்ளங்கையை ஊன்றித் தண்டால் எடுக்கிற கைகள் அவை. அயர்ன் மேசைக் கைகளும் அதே மாதிரி பாரம் தாங்குகிற கைகள்தாம்.

இஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளிக்கு, மருத்துவச் சான்றோடு விடுப்பு எடுத்தால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் காண்ட்ராக்ட்காரர் மூலம் வேலைக்கு வருகிறவர்களுக்கும், வீட்டில் வைத்துப் பிசிர் வெட்டிக் கொடுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் அட்டையே இல்லை. அவர்களிடம் அறுவைச் செலவை மட்டும் சொல்லி, ஒரு மாதக் கூலி இழப்பைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மைதான். வங்கியில் வேலை பார்க்கிறவருக்கும் பனியன் தைக்கிறவருக்கும் ஒரே கட்டி, ஒரே அறுவை. நஷ்டம் மட்டும் ஒன்றல்ல.

அப்படியானால் அறுவையில்லாத சிகிச்சை என்பது என்ன? கையை விரித்து "ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்பதல்ல. புறங்கைக் கட்டி வலிப்பது பெரும்பாலும் மணிக்கட்டைப் பின்னால் வளைத்துப் பாரம் கொடுக்கும்போது: தரையில் உள்ளங்கை ஊன்றி எழும்போது, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசையும்போது, அயர்ன் பெட்டியை அழுத்தும்போது. மேசையின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் மணிக்கட்டு நேராக நிற்கும். தரையிலிருந்து எழும்போது உள்ளங்கைக்குப் பதில் விரல்களை முஷ்டியாக மடக்கி ஊன்றச் சொல்லித் தருகிறேன். வலி அதிகமான நாட்களில் வேலை நேரத்தில் மட்டும் மணிக்கட்டுப் பட்டை. பட்டை கட்டியைக் கரைக்காது, வலியைத்தான் குறைக்கும். இரவும் பகலும் போட்டுக்கொண்டால் கை விறைக்கும். கட்டியின் அகலத்தை அளந்து நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறேன். அந்த மூன்று மாதம் கழித்து வருவதுதான் இதில் முக்கியமான மருந்து என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் காத்திருப்பது சிரமமாக இல்லை.

ஊசியால் நீர் எடுப்பதை நான் முற்றாக மறுக்கவில்லை. உள்ளிருப்பது என்ன என்று உறுதியாகும். கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் கொஞ்ச நாள் கட்டி இல்லாமல் இருக்கும். பாதிக்கு மேல் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிச் செய்தால் சரி. கூடவே ஸ்டீராய்டு போடுவதால் பெரிய லாபம் இருப்பதாகத் தெரியவில்லை. நம் கறுத்த தோலில் அது சில சமயம் வெள்ளைத் திட்டாக நிறத்தை எடுத்துவிடும். அழகுக்காக ஊசி போட்டுக்கொண்டவர் அந்தத் திட்டை மறைக்கக் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும்.

நாடிப் பக்கத்துக் கட்டிக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அங்கே ரேடியல் ரத்தக்குழாய் கட்டியை ஒட்டியே, சில நேரம் அதன்மேல் ஒட்டிக்கொண்டே ஓடும். லெஸ்டர் மருத்துவர்கள் இந்த வகையையும் தனியே ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து 2003-இல் எழுதினார்கள். அறுவைக்குப் பின் 42 சதவீதம், ஊசிக்குப் பின் 47 சதவீதம் திரும்பின. தொடாமல் விட்டவற்றில் பாதி மறைந்தன. அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது சிக்கல் வந்தது. இந்த இடத்தில் அனுபவமில்லாதவர் ஊசி வைப்பதற்கே நான் சம்மதிக்க மாட்டேன்.

காத்திருக்கலாம் என்று சொல்லும்போதே, காத்திருக்கக் கூடாத கட்டிகளையும் சொல்லியாக வேண்டும். டார்ச் வெளிச்சம் ஊடுருவாத கட்டி, கல்போல் கெட்டியாக எலும்போடு ஒட்டி நிற்பது, வாரக்கணக்கில் வேகமாக வளர்வது, சிவந்து சூடாக இருப்பது, விரல் மரத்துப்போவது, பிடி தளர்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் குறிப்பாகக் காசநோயை மறக்கக் கூடாது. உள்ளங்கையிலும் முன்கையிலும் இரண்டு பக்கம் வீங்கி, நடுவில் மணிக்கட்டில் குறுகி, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கிற வீக்கம் சாதாரண கேங்லியன் அல்ல. தசைநாண் உறையில் காசநோய் பிடித்தால் அப்படி வரும். உள்ளே அரிசி போன்ற துணுக்குகள் இருக்கும். அதற்கு வேண்டியது மாதக்கணக்கான காசநோய் மருந்து. அப்படி வந்த கையைப் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவது குற்றம்.

இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவை 2018-இல், வழக்கமாகச் செய்துவந்த 17 சிகிச்சைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கேங்லியன் அறுவையும் அதில் ஒன்று. வலி, செயலிழப்பு போன்ற நிபந்தனை இருந்தால் மட்டுமே செய்யலாம் என்றார்கள். மருத்துவக் காரணம் சரிதான். ஆனால் இதே வரியை இங்கே ஒரு நிர்வாகி செலவு மிச்சம் பிடிப்பதற்காக எடுத்துக்கொண்டால் நான் எதிர்ப்பேன். உண்மையாகவே வலிக்கிற கைக்கு அறுவை வேண்டும், அது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

இப்போது என்னிடம் வந்துகொண்டிருக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் அந்த வகை. வேறு இடத்தில் ஊசியால் நீர் எடுத்தும் கட்டி திரும்பிவிட்டது. மேசை உயரம் மாற்றிப் பார்த்தோம், பட்டை போட்டோம், மாதங்கள் போயின. கட்டி சுருங்கவில்லை, துணியைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் வலி. போன வாரம் அவர் கேட்டார், "நீங்களே சொல்லுங்க மேடம், இனியும் பொறுக்கணுங்களா?" வேண்டாம், அறுவை செய்துகொள்ளுங்கள் என்று சொன்னேன். கையறுவை நிபுணரிடம் மட்டும் போங்கள். திரும்ப வர வாய்ப்பிருக்கிறது என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கம்பெனி மூடும் வாரத்தை ஒட்டித் தேதி வாங்குங்கள், மீதி நாளுக்கு இஎஸ்ஐ சான்று எழுதி வாங்குங்கள். அறுவை முடிந்த அன்றே விரல்களை மடக்கி நீட்டத் தொடங்குங்கள். மணிக்கட்டை எப்போது மடக்கலாம் என்று சர்ஜனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கட்டுப் பிரித்த வாரமே பயிற்சிக்கு வந்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.